மலையில பழைய வீடு வாங்குறதா இருந்தா மழையில வந்து பாருங்க

நான் வாங்கின வீட்டுக்கு ரோட்டுல இருந்து 71 படி இறங்கணும். புரோக்கர் காட்டின அன்னிக்கு நான் படியை எண்ணவே இல்ல, இறங்கும்போது யாரு எண்ணுவா, எதிர்ல பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் தேயிலை, நடுவுல ஒரு துண்டு மேகம், வாயைப் பொளந்துட்டே இறங்கிட்டேன். எண்ணினது எப்போன்னா ரிப்பேர் வேலைக்கு முதல் லோடு எம்சாண்ட் வந்து ரோட்டோரம் கொட்டின அன்னிக்கு. வண்டிக்காரர் கொட்டிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார், அதுக்கப்புறம் சிமெண்ட் சாக்குல அள்ளி மூட்டை கட்டி தலையில வச்சு இறக்கணும், ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்ளோன்னு கூலி, கடைசியில கணக்கு பார்த்தா மணல் விலையை விட மணலை இறக்குன கூலி அதிகம். செங்கல், சிமெண்ட், டைல்ஸ், டாய்லெட் பீங்கான், ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் அதே கதைதான். எங்க அம்மாவுக்கு முட்டி வலி, வீட்டுக்கு வந்தா மூணு மாசத்துக்குப் படி ஏற மாட்டேன்னு உக்காந்துடுவாங்க.

அந்த வீடு ஏன் எட்டு வருஷமா விக்காம கிடந்துச்சுன்னு இப்போ புரியுதா. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் எங்க போனாலும் சரி, விலை கம்மியா இருக்குற ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கும். அதை வாங்குறதுக்கு முன்னாடி நீங்க கண்டுபிடிக்கணும், அதுக்கப்புறம் அது காசு போட்டா சரியாகுற காரணமா, இல்ல எவ்ளோ கொட்டினாலும் சரியாகாத காரணமான்னு பிரிக்கணும். கூரை ஒழுகுறது, சுவர்ல ஓதம், கரையான், பழைய வயரிங், இதெல்லாம் சரியாகும். பாதை, தண்ணி, சரிவு, பத்திரம் இந்த நாலும் சரியாகாது, சரியானாலும் உங்க ஆயுசுல ஆகாது. நம்ம ஆளுங்க இதை உல்ட்டாவா பாக்குறாங்க, சுவர்ல பாசி இருக்குன்னு நல்ல வீட்டை வேணாங்குறாங்க, பெயிண்ட் அடிச்சு பூந்தொட்டி வச்சிருந்தா பாதையே இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடுறாங்க.

இப்போ ஏன் இவ்ளோ வீடு விலைக்கு வருது

எங்க அப்பா ஊட்டி இந்து நகர்ல பிலிம் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல ஆரம்பிச்ச சர்க்கார் கம்பெனி, ஒரு காலத்துல அங்க வேலைன்னா பொண்ணு கொடுக்க வரிசையில நிப்பாங்க. டிஜிட்டல் கேமரா வந்துச்சு, அது படுத்துச்சு, விஆர்எஸ் விஆர்எஸ்னு ஒவ்வொரு குடும்பமா கீழ இறங்கிப் போச்சு. அதே சமயத்துலதான் 90-களோட கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்துச்சு, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வச்சிருந்த சின்ன விவசாயிங்க, படுகர் வீட்டுப் பசங்க, டான்டீங்குற சர்க்கார் தேயிலைக் கழகத்துல தேயிலை பறிச்ச, இலங்கையில இருந்து தாயகம் திரும்பினவங்களோட பிள்ளைங்க, எல்லாரும் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூர்னு போயிட்டாங்க. வீடு பூட்டுப் போட்டபடி நின்னுச்சு.

இப்போ திரும்ப ஆளுங்க வராங்க. கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுல இருந்தே வேலை பாக்குற கூட்டம், ஹோம்ஸ்டே போடுற கூட்டம், சாக்லேட், சீஸ், காபிக் கடைன்னு ஒரு கூட்டம். மலை ரயிலுக்கு 2005-ல யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சது, ஊட்டியில 2025-ல புது மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தாங்க, இதெல்லாம் புரோக்கர் வாயில அப்படியே வரும். ஊர் எந்திரிக்குதுன்னு சொல்றது பொய் இல்ல. ஆனா ஊர் எந்திரிக்குற விலையை முன்னாடியே சேர்த்து உங்க தலையில கட்டுவாங்க, அந்த வீட்டுப் பக்கம் எந்திரிக்குதா இல்லையான்னு நீங்கதான் பாக்கணும். மெயின் பஜார் ஜொலிக்கும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி சாயங்காலம் 6 மணிக்கு மேல பஸ்ஸே இருக்காது.

மழையில வாங்க, அதுவும் சரியான மழையில

ஏப்ரல் மே சீசன்ல வந்து வீடு பார்க்காதீங்க, தயவுசெஞ்சு. அப்போ எல்லா வீடும் அழகு. நீலகிரியில ரெண்டு மழை இருக்கு, கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு மேற்கால அவலாஞ்சி பக்கம் எல்லாம் ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல தென்மேற்கு மழை பின்னி எடுக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகைதான் ஆட்டம், வடகிழக்கு. அதனால குன்னூர் வீட்டை ஜூலையில பார்த்துட்டு மழையில பார்த்துட்டேன்னு சொல்லாதீங்க, அது மழையே இல்ல, சும்மா சாரல். நவம்பர்ல வரணும். 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பதிவாச்சு, அந்த வாரம் மாவட்டம் முழுக்க மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ராத்திரியைப் பத்தி இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதான் நான் எல்லாரையும் கேக்கச் சொல்ற முதல் கேள்வியே, "2009-ல இந்த வீடு என்ன ஆச்சு?" விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க, பக்கத்துல டீக்கடையில கேளுங்க.

மழையில வந்தா என்ன பாக்கணும். முதல்ல வீட்டுக்குப் பின்னாடி போங்க. மலையில வீடு கட்டுறதுன்னா சரிவை வெட்டி சமம் பண்ணித்தான் கட்டியிருப்பாங்க, பின் சுவருக்கும் வெட்டின மண்ணுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்கு, அங்க வாய்க்கால் இருக்கா, தண்ணி ஓடுதா தேங்குதா. தடுப்புச் சுவர்ல தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, மழை நேரத்துல அதுல தண்ணி வடிஞ்சா நல்லது, மழை கொட்டுது ஓட்டை காஞ்சு கிடக்குன்னா தண்ணி உள்ளயே நிக்குது, சுவர் வயிறு தள்ளி நிக்கும், அந்த வயிறு என்னிக்காவது ஒருநாள் வெடிக்கும். அப்புறம் மேல இருக்குற கரண்டு கம்பம், மரம் எல்லாம் நேரா நிக்குதா பாருங்க. கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், அடியில வளைஞ்சு மேல நேரா ஏறியிருந்தா அங்க மண்ணு மெதுவா நகருதுன்னு எங்க பெரியப்பா சொல்லுவார், எல்லா நேரமும் அது சரியா இருக்காது, ஆனா ஒரு வரிசை மரமே அப்படி நின்னா நான் அந்த இடத்தை வாங்க மாட்டேன். மண்சரிவு அபாயம் உள்ள இடம்னு மாவட்ட நிர்வாகம் 283 இடத்தைக் குறிச்சு வச்சிருக்கு, தாலுகா ஆபீஸ்ல போய் நீங்க பாக்குற இடம் அதுல வருதான்னு கேட்டுடுங்க, வெக்கப்படாதீங்க.

ஓதம் பத்தி ஒரு விஷயம். நான் வீடு பாக்கப் போனப்போ முன் ரூம்ல சுவரை ஒட்டி ஒரு பெரிய மர பீரோ இருந்துச்சு, அதுக்குப் பின்னாடி மட்டும் புது பெயிண்ட் வாசனை. நகர்த்திப் பாக்கலாமான்னு கேட்டேன், "அது ரொம்ப வெயிட்டுங்ணா, எதுக்கு"ன்னாரு புரோக்கர். நானும் என் மச்சானும் சேர்ந்து நகர்த்துனோம், இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து, கையால தடவினா பூச்சு மாவு மாதிரி கொட்டுது. புரோக்கர் என்னைப் பாக்காம ஜன்னலைப் பாக்குறார். அந்த ஒரு பீரோவுக்காக நான் விலையில ரெண்டு லட்சம் குறைச்சேன், ஏன்னா அது சரி பண்ணக்கூடிய காரணம். பழைய சுவர் எல்லாம் சுண்ணாம்புலயும் மண்ணுலயும் கட்டினது, அது மூச்சு விடணும், எவனோ நடுவுல சிமெண்ட் பூச்சு பூசி மூச்சை அடைச்சிருக்கான், அதைக் கொத்தி எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்பே பூசி, பின்பக்க வாய்க்காலை ஒரு அடி ஆழமாக்கினதும் ரெண்டே வருஷத்துல காஞ்சுடுச்சு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேஸ்திரி கிடைக்கத்தான் அஞ்சு மாசம் ஆச்சு, இருக்குறவங்க எல்லாம் அறுபது வயசு தாண்டினவங்க.

வெயிலும் பாருங்க. கீழ்நாட்டுல இருந்து வர்றவங்க வாஸ்து பாக்குறாங்க, ஈசானியம் எங்கேன்னு கேக்குறாங்க, சரி பாருங்க, ஆனா டிசம்பர் மாசம் சாயங்காலம் 3 மணிக்கு அந்த வீட்டு மேல வெயில் விழுதான்னும் பாருங்க. வடக்குச் சரிவுல இருக்குற வீட்டுக்கு குளிர்காலத்துல வெயில் கம்மி, துணி லேசுல காயாது, குழந்தைக்கு வீசிங் வரலாம். ஊட்டி பக்கம் பள்ளத்துல இருக்குற இடம்னா ஜனவரி காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும், பாக்க அழகு, பைப்ல தண்ணி வராது.

தண்ணி

இதை சின்னதா எடுத்துக்காதீங்க. மலை, சோலை, ஓடைன்னு பாட்டு பாடுற ஊர்லதான் தண்ணிக்கு லாரி வருது. குன்னூருக்கு ரேலியா அணையில இருந்து தண்ணி, கோடையில எத்தனை நாளைக்கு ஒருதடவை வருதுன்னு அந்தத் தெருவுல கேக்கணும், தெருவுக்குத் தெரு மாறும். நான் பக்கத்து வீட்டு ஆயாகிட்ட கேட்டேன்.

"ஆயா, தண்ணி எப்படி?"

"வரும் சாமி."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

"அது வந்தா வரும். நீ எத்தனை டிரம் வச்சிருக்க?"

இதுக்கு மேல எந்த ரிப்போர்ட்டும் வேணாம். ஆயா வீட்டுல நீல டிரம் ஆறு இருந்துச்சு, அதுதான் பதில். வீடு பாக்கப் போறப்ப அக்கம்பக்கத்து வீட்டு வாசல்ல டிரம்மை எண்ணுங்க. போர் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, நீலகிரியில அனுமதி இல்லாம போர் போட முடியாது, அனுமதி சுலபமா கிடைக்காது. ஊத்துத் தண்ணி இருக்குன்னு சொன்னா, அந்த ஊத்து யாரு நிலத்துல பிறக்குது, பைப் யாரு தோட்டம் வழியா வருது, எழுத்துல இருக்கான்னு பாருங்க, வாய்ப்பேச்சுல வர்ற தண்ணி வாய்ப்பேச்சுலயே நின்னுடும். நான் கூரைத் தண்ணியைப் பிடிச்சு 5000 லிட்டர் டேங்க்ல விடுறேன், குளிக்க துவைக்க அதுதான். செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னும் கேளுங்க, ஒருத்தர் வீட்டு டேங்குக்குக் கீழ இன்னொருத்தர் ஊத்து இருக்கும், சொல்ல மாட்டாங்க.

பாதை

கார் வாசல்வரை வந்தா அது ஒரு விலை, வரலன்னா வேற விலை, பாதி விலைன்னுகூட சொல்லலாம். படி இருக்குறது பரவாயில்ல, நான் பழகிட்டேன், ஆனா அந்தப் படி யாரோடது? நகராட்சி நடைபாதையா, இல்ல யாரோ ஒருத்தர் தேயிலைத் தோட்டம் வழியா நாப்பது வருஷமா நடந்து நடந்து உண்டான ஒத்தையடிப் பாதையா. தோட்டக்காரர் நல்லவரா இருப்பார், அவர் மகன் அமெரிக்காவுல இருந்து வந்து வேலி போட்டுடுவான். பத்திரத்துல நாலெல்லை எழுதின இடத்துல "பொதுப் பாதை"ன்னு இருக்கா, எஃப்எம்பி ஸ்கெட்ச்சுல, அதான் சர்வே வரைபடத்துல, கோடு இருக்கா, ரெண்டும் இடத்தோட ஒத்துப் போகுதா, இதை சர்வேயரை வச்சு அளந்து பார்த்துட்டுத்தான் அட்வான்ஸே கொடுக்கணும். ஃபயர் வண்டி, ஆம்புலன்ஸ் எதுவரைக்கும் வரும்னும் ஒருதடவை யோசிங்க, எங்க தெருவுல முடியாதவங்கள நாற்காலியில வச்சு நாலு பேர் தூக்கித்தான் மேல கொண்டு வரோம்.

பத்திரம், இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க

முதல்ல தாய்ப்பத்திரம், அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் சங்கிலி அறுபடாம வரணும். ஈசி, அதான் வில்லங்கச் சான்று, குறைஞ்சது 30 வருஷத்துக்கு, நான் 1975-ல இருந்து எடுத்தேன், பதிவுத்துறை வெப்சைட்லயே வீட்டுல உக்காந்து பாக்கலாம், அதுக்கு முந்தினது சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு வாங்கணும். பட்டா, சிட்டா, டவுனுக்குள்ளன்னா டவுன் சர்வே ரிஜிஸ்டர், இதுல நிலம் எந்த வகைன்னு போட்டிருக்கும், அதைப் படிங்க, பேரு மட்டும் பார்த்துட்டு மடிச்சு வைக்காதீங்க. புறம்போக்கு, வனம், நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், தோடர் பட்டா நிலம், இதுல எந்த வார்த்தை கண்ணுல பட்டாலும் அங்கேயே எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுங்க. 1949 தனியார் காடுகள் சட்டத்துக்குள்ள வர்ற நிலம்னு ஒண்ணு இருக்கு, பேப்பர்ல தனியாரோடதுதான், ஆனா விக்க, மரம் வெட்ட எல்லாத்துக்கும் அனுமதி வேணும். மரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, வீட்டு மேல சாஞ்சு நிக்குற மரமா இருந்தாலும் நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்குன்னு 1955 சட்டம் இருக்கு, மனு போட்டு அதிகாரிங்க வந்து பார்த்து அப்புறம்தான்.

ஊருக்கு ஊர் தனித்தனி கண்ணி இருக்கு. கூடலூர் பந்தலூர் பக்கம்னா ஜென்மம் நிலம், நிலம்பூர் கோவிலகம்ங்குற ராஜ குடும்பத்தோட பழைய நிலம், 1969-ல ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்து அதுல 17-வது பிரிவு நிலம்னு ஏகப்பட்ட ஏக்கர் தீராம கிடக்கு, அங்க காலங்காலமா குடியிருக்குறவங்களுக்கே பட்டா இல்லாம கரண்டு கனெக்‌ஷனுக்கு அலையுறாங்க, நீங்க புதுசா போய் என்ன பண்ணப் போறீங்க. மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடம், சர்க்கார் அதை வழித்தடம்னு அறிவிச்சது சரின்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அங்க ரிசார்ட் இடம் சல்லிசா வருதுன்னு எவனாவது போன் பண்ணா கட் பண்ணிடுங்க. வெலிங்டன் கண்டோன்மெண்ட்ல அழகழகா பழைய பங்களா இருக்கும், நிறைய இடத்துல நிலம் ராணுவத்தோடது, கட்டடம் மட்டும்தான் கைமாறும், ஓல்டு கிராண்ட்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தை வந்தா டிஃபென்ஸ் எஸ்டேட்ஸ் ரிஜிஸ்டர்ல பார்க்காம ஒரு ரூபா கொடுக்காதீங்க.

அப்புறம் வாரிசு. பூட்டின வீடுன்னாலே வாரிசுப் பிரச்சனைன்னு வச்சுக்கோங்க. தாத்தா உயில் எழுதாம போயிருப்பார், அஞ்சு பிள்ளைங்க, ரெண்டு பேர் இல்ல, அவங்க பிள்ளைங்க ஏழு பேர், ஒருத்தன் கனடாவுல. விக்க வர்றவர் "தங்கச்சிங்களுக்கு அப்பவே நகை போட்டாச்சு, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லுவார். தங்கச்சி கேக்க மாட்டாங்க, தங்கச்சி புருஷன் கேப்பார். தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்தாச்சு, அதனால எல்லாரும் வந்து கையெழுத்து போடணும், இல்ல பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். பவர் பத்திரம் வச்சு வேற ஒருத்தர் விக்குறாங்கன்னா கொடுத்தவர் உயிரோட இருக்காரான்னு வீடியோ கால்ல பேசிப் பாருங்க, நான் பேசினேன், அவர் கனடாவுல பனி அள்ளிட்டு இருந்தார், "அங்க இன்னும் கரடி வருதா"ன்னு கேட்டார்.

வீட்டுல யாரு இருக்காங்கன்னும் பாருங்க. பின்னாடி அவுட்ஹவுஸ்ல ஒரு வாட்ச்மேன் குடும்பம் முப்பது வருஷமா இருக்கும், கரண்டு பில்லு அவங்க பேர்ல, ரேஷன் கார்டு அந்த முகவரியில. அவங்க கெட்டவங்க கிடையாது, போக இடம் இல்லாதவங்க. அவங்களுக்கு என்ன செய்யப் போறீங்கன்னு விக்கிறவரும் நீங்களும் உக்காந்து, அவங்களையும் வச்சுப் பேசி, எழுத்துல முடிச்சுட்டுத்தான் கிரயம். "ரிஜிஸ்டர் ஆனதும் காலி பண்ணிக் கொடுத்துடுறேன்"ங்குறதை நம்பின என் ஃபிரண்டு நாலு வருஷமா கோர்ட்டுக்குப் போயிட்டு வரான்.

கட்ட முடியுமா

இடிச்சுட்டு மூணு மாடி கட்டலாம்னு கனவு இருந்தா இங்கேயே நிறுத்திடுங்க. மலைப்பகுதிகளுக்கு 1990-ல இருந்து ஹாகான்னு ஒரு அமைப்பு இருக்கு, ஹில் ஏரியா கன்சர்வேஷன் அத்தாரிட்டி, அதுக்கு மேல 1993 மலைவாசஸ்தலக் கட்டட விதிகள், உயரம் 7 மீட்டர் தாண்டக் கூடாது. டீத்தோட்டத்தை வீட்டு மனையா மாத்துறதும் லேசு இல்ல, அதனால "டீ எஸ்டேட் நடுவுல 10 சென்ட் பிளாட்"னு விளம்பரம் பார்த்தா, நில உபயோகம் மாத்தின ஆர்டரும் மனைப்பிரிவு அப்ரூவலும் காட்டுங்கன்னு கேளுங்க, பாதிப் பேர் அதோட போன் எடுக்க மாட்டாங்க. ஜேசிபி இறக்கவும் அனுமதி வேணும். ரிப்பேர்னு சொல்லிட்டு ஓட்டுக் கூரையைப் பிரிச்சு கான்கிரீட் ஸ்லாப் போடுறாங்க பாருங்க, அந்த மாதிரி வீட்டையும் வாங்காதீங்க, சீல் வைக்க வந்தா வாங்கினவன் தலையிலதான் விடியும். கொடைக்கானல்ல 2019-ல கோர்ட் உத்தரவுல வரிசையா கட்டடத்துக்கு சீல் வச்சாங்க, அதுல நிறைய ஓனருங்க விதி மீறினது நாங்க இல்ல எங்களுக்கு வித்தவர்னு அழுதாங்க. அப்ரூவ்டு பிளான் இருக்கா, பிளான்ல இருக்குறதும் நிக்குறதும் ஒண்ணான்னு டேப் வச்சு அளந்துடுங்க. பிளான் இல்லன்னா பேங்க் லோனும் பெரும்பாலும் கிடைக்காது, அதுவே உங்களுக்கு ஒரு டெஸ்ட்டு, ரெண்டு பேங்க் வக்கீல் வேணாங்குற பேப்பரை நீங்க கைக்காசு போட்டு வாங்குறீங்கன்னா நல்லா யோசிங்க.

காசு

புரோக்கர் சொல்ற விலை ஒண்ணு, சர்க்கார் வச்சிருக்குற கைடுலைன் மதிப்பு ஒண்ணு, அக்கம்பக்கத்துல நிஜமா கைமாறின விலை ஒண்ணு. மூணாவதைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, அந்தத் தெருவுல கடைசி ரெண்டு வருஷத்துல வாங்கினவங்க வீட்டுக் கதவைத் தட்டி டீ குடிக்குறது. பெங்களூர்க்காரர் ஒருத்தர் ஆசைப்பட்டு அதிகம் கொடுத்த விலையை ஊர் விலைன்னு சொல்லுவாங்க, அது ஊர் விலை இல்ல, அவர் விலை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 100-க்கு 9 ரூபா எடுத்து வச்சுக்கோங்க. 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தை பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 1 சதவீதம் குறையும், ஆனா அந்த விலைக்கு இங்க என்ன கிடைக்கும். 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா விக்கிறவருக்குக் கொடுக்குறதுல 1 சதவீதம் டிடிஎஸ், அதான் வருமான வரி, நீங்க பிடிச்சுக் கட்டணும், விக்கிறவர் வெளிநாட்டுவாசின்னா அந்தக் கணக்கே வேற, ஆடிட்டரைப் பாருங்க. பாதி பிளாக்குல கொடுங்கன்னு கேப்பாங்க, கொடுக்காதீங்க, நாளைக்கு டீல் உடைஞ்சா அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது.

ரிப்பேர் செலவு, கீழ்நாட்டு மேஸ்திரி போடுற கணக்கை அப்படியே எடுக்காதீங்க. எல்லா சாமானும் மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறி வரணும், அதுக்கப்புறம் படி இறங்கணும், மழைக்காலத்துல வேலை நிக்கும், சீசன்ல ஆள் கிடைக்காது. நான் ஆறு மாசம்னு நினைச்சேன், பத்தொன்பது மாசம் ஆச்சு. கூரையில முதல்ல கை வைங்க, ஓட்டுக்கு அடியில இருக்குற ரீப்பரையும் சட்டத்தையும் ஆணி வச்சுக் குத்திப் பாருங்க, ஆணி வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குனா மொத்தமா மாத்தணும். தரை, பெயிண்ட் எல்லாம் கடைசி. கிச்சன்ல இருந்து ஆரம்பிக்குறவங்க இருக்காங்க, போட்டோவுக்கு நல்லா இருக்கும், முதல் நவம்பர்ல அந்த கிச்சன் மேலயே ஒழுகும்.

ஹோம்ஸ்டே போட்டு இஎம்ஐ கட்டிடலாம்னு கணக்கு போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ் இருக்கு, 2025 ஏப்ரல்ல நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, வாரக் கடைசியில 8000 வண்டின்னு கோர்ட் அளவு வச்சுது. எனக்கு இதுல வருத்தம் இல்ல, மே மாசத்துல பால் வாங்க அரைமணி நேரம் டிராஃபிக்ல நின்னவனுக்குத்தான் தெரியும். ஆனா உங்க எக்செல் ஷீட்டுல வருஷம் முழுக்க ரூம் ஃபுல்லுன்னு போட்டிருந்தா அழிச்சுடுங்க. ரெண்டு சீசனை விட்டா மத்த நாள் எல்லாம் நீங்களும் மழையும்தான். டூரிசம் டிபார்ட்மெண்ட்ல பதியாம நடத்துனா அதுக்கும் சீல்.

காட்டெருமை, கரடி, சிறுத்தை மூணும் வரும், அதை வச்சு விலையெல்லாம் குறைக்க முடியாது, எல்லாத் தெருவுக்கும் வருது. பின் கதவு மட்டும் நல்ல பலகையில போடுங்க, சமையல் எண்ணெய் வாசனைக்கு கரடி கதவை உடைக்கும், எங்க பக்கத்துக் கோயில்ல விளக்குக்கு ஊத்துற எண்ணெய் டப்பாவையே எடுத்துட்டுப் போயிருக்கு.

ரிஜிஸ்டர் முடிஞ்சதும்

அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடாதீங்க. உட்பிரிவு இல்லாத சொத்துன்னா பட்டா தானா மாறும், உட்பிரிவு இருந்தா சர்வேயர் வந்து அளக்கணும், அதுக்குப் பின்னாடியே நிக்கணும். வீட்டு வரி, தண்ணி வரி, ஈபி மூணையும் பேர் மாத்துங்க. பழைய பாக்கி இருக்கான்னு கிரயத்துக்கு முன்னாடியே ரசீது வாங்கியிருக்கணும், எனக்கு எட்டு வருஷத் தண்ணி வரி வந்து சேர்ந்துச்சு.

பக்கத்து வீடுங்களுக்கு ஒரு நடை போய் நான் இன்னார்னு சொல்லிட்டு வாங்க, சாவி ஒண்ணு ஆயா மாதிரி ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். அப்புறம் புரட்டாசி முடியறதுக்குள்ள பின்பக்க வாய்க்காலை வாரி விடுங்க, ஆள் கிடைக்கலன்னா நீங்களே மண்வெட்டி எடுங்க, அப்படியே மேல் வீட்டு வாய்க்காலையும் எட்டிப் பாருங்க, அது அடைச்சிருந்தா அவங்க தண்ணி உங்க சமையக்கட்டுக்குத்தான் வரும்.